ஊருக்குச் சொல்லாத பெட்டி

"சோறு போடுற கம்பெனிக்கே குழி பறிக்கிறியேடா!"

அம்மாவின் கத்தலுக்கு மகன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லீவு நாளிலும் கம்ப்யூட்டரே கதி.

அவன் கம்பெனி விற்பது பேசும் பெட்டி. மணி கேட்டால் சொல்லும், பாட்டுக் கேட்டால் பாடும். ஊழியர்கள் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொன்று சும்மாவே கொடுத்திருந்தார்கள். பகலெல்லாம் அம்மாவுக்கு அதுதான் பேச்சுத்துணை.

"அப்படி என்னதான் எழுதுற?"

"கெர்னல்மா. பெட்டியைத் தட்டி எழுப்பி வேலை வாங்குற அடிப்படை புரோகிராம். நான் எழுதுறது ரொம்பச் சின்னது. மணி சொல்லும், அலாரம் அடிக்கும். நெட் மட்டும் கிடையாது."

"நெட் இல்லாத பெட்டியா? வாசலே வைக்காம வீடு கட்டின கதையா இருக்கே!"

"வாசல் இல்லைன்னா உள்ள பேசுறது வெளியே போகாதில்ல?"

"நாம என்ன ராணுவ ரகசியமா பேசுறோம்? உன் மேனேஜர் இருக்கானே, அந்தப் பூசணிக்காய், அவனுக்குத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவான். உன் தங்கச்சி இப்பத்தான் காலேஜ்ல சேர்ந்திருக்கா, ஞாபகம் இருக்கட்டும்."

"உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதும்மா. நீ மூச்சு விடாம இரு, போதும்."

அலமாரியில் பெட்டியின் நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

அம்மா மூச்சு விடவில்லை. தன் அக்காவிடம் போனில் பேசும்போதுகூட நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய தவம் என்று அக்காவைக் கேட்டால் தெரியும்.

அப்படியும் அடுத்த வாரமே வாசலில் மேனேஜர் வந்து நின்றார்.

"என்னப்பா, நெட்டே இல்லாம கெர்னல் எழுதுறியாமே?"

மகன் அம்மாவை முறைத்தான்.

"சத்தியமா நான் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கலைடா!"

மேனேஜர் கூடத்தில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "உலகமே ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டிருக்கு, நீ ஊமைப் பெட்டி செய்யுற! தப்புப் பண்ணாதவன் எதுக்குப்பா ஒளிக்கணும்? நம்ம பெட்டி மாதிரி நம்பிக்கையானது உண்டா?"

"நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க சார்," என்றாள் அம்மா. கண் கலங்கிவிட்டது. "நான் சொன்னா எங்க கேட்கிறான்? வேலையை மட்டும் பிடுங்கிடாதீங்க."

பிரசங்கம் முடிந்தது. மேனேஜர் ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். நேராக அலமாரிக்குப் போய், பெட்டியின் வயரைப் பிடுங்கினார்.

நீல விளக்கு அணைந்தது.

"அப்பாடா! அதுக்குக் கேட்கணும்னுதான் இவ்வளவு நேரம் கத்தினேன்," என்றார் தணிந்த குரலில். "உன் கெர்னல் எப்பப்பா ரெடியாகும்?"

"சார்?"

"என் வீட்டுப் பெட்டிக்கும் போட்டுக் கொடு. என் பொண்டாட்டி என்னைத் திட்டுறதையெல்லாம் எனக்கு மேல இருக்கிறவர் ஒரு வார்த்தை விடாம ஒப்பிக்கிறார். மானம் போகுது."

அம்மாவுக்கு மெல்லத்தான் உறைத்தது.

"அப்போ... இந்த வீட்டுல நாங்க பேசுறது?"

"அது முதல்ல எனக்கு வந்துதான் மேல போகுதும்மா," என்றார் மேனேஜர். "பூசணிக்காய் வரைக்கும்."