இடிமாறனின் நீலச் சட்டை

"எங்க இடிமாறனுக்கு நீலச் சட்டை மாட்டிவிட்டது யாரு? அந்த ஆள் இப்பவே வெளியில வரணும்!"

காமிக்ஸ் பத்திரிகை அலுவலகத்துக்குள் ஏழெட்டுப் பேர் தபதபவென்று நுழைந்தார்கள். முன்னால் வந்தவர், அந்தப் பத்திரிகையின் காமிக்ஸ் நாயகன் இடிமாறனின் ரசிகர் மன்றத் தலைவர். தொழில், கைக்கடிகாரம் பழுது பார்ப்பது. கையில் இருநூறு பேர் கையெழுத்துப் போட்ட மனு.

ஆசிரியருக்கு வேர்த்துவிட்டது.

"சத்தியமா எனக்குத் தெரியாது சார். படத்துக்கு வண்ணம் போடறது அவங்கதான்" என்று மூலையைக் காட்டினார்.

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் மெல்ல எழுந்து நின்றார். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கலர் அக்கா.

"நீங்களா? முப்பது வருஷமா சிவப்புச் சட்டைம்மா! பச்சைக் காட்டுக்குள்ள அந்தச் சிவப்பு வந்து நின்னா... அடடா! அதுக்காகவே புத்தகம் வாங்கறவன் நான். உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"தலைவர் மூணு நாளா சரியாச் சாப்பிடலை" என்றார் பக்கத்தில் நின்ற மன்றச் செயலாளர்.

தலைவர் பழைய இதழ் ஒன்றை மேஜையில் விரித்தார்.

"பாருங்க, இதான் இடிமாறன்!"

அவர் விரல் முதலில் வசனம் எழுதிய பலூனில் விழுந்தது. அதன் வால் வழியாக இறங்கி, மரத்தடியில் நின்ற இடிமாறன் மேல் போய் நின்றது.

"உங்க புது இதழ் என்னடான்னா, புரட்டினதுமே கண்ணுல வந்து குத்துது! முப்பது வருஷத்துல ஒரு நாளாவது இப்படிக் குத்தியிருக்கா?"

தலைவர் ஆசிரியர் பக்கம் திரும்பினார்.

"இந்த அம்மாவை வேலையை விட்டு எடுங்க சார். இல்லைன்னா இருநூறு பேரும் இனிமே உங்க புத்தகத்தைத் தொட மாட்டோம்."

ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கோங்க அக்கா. எனக்கு வேற வழி தெரியலை. நாளையிலிருந்து..."

"சார், எனக்கு இந்த வேலையை விட்டா வேற எதுவும் தெரியாது சார்." என்றார் அக்கா. "ஒரு வாசகருக்காகத்தான் செஞ்சேன். அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதாம். காட்டுக்குள்ள இடிமாறன் எங்க நிக்கறார்னே கண்டுபிடிக்க முடியாதாம். நீலம்னா பளிச்சுனு தெரியும்னு கண் டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் போட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நல்லா இருக்கும்மா கதை! எவனோ ஒருத்தனுக்குக் கண்ணு நொள்ளைன்னா ஊருக்கே கலரை மாத்துவீங்களா? அவனை ரேடியோ கேட்கச் சொல்லுங்க!" என்றார் தலைவர். "தலைமுடி கனத்துத் திருகாணியைப் பார்க்கிற கண்ணு இது. என்கிட்டயே பூச்சுத்தறீங்களா? எங்கே அந்த வாசகர்? ஆதாரம் என்ன?"

"கடிதம் இருக்கு. ஆனா யார்கிட்டயும் காட்ட வேண்டாம்னு எழுதியிருக்காங்க."

"காட்டினா வேலை தங்கும். எப்படி வசதி?" என்றார் தலைவர்.

"வேண்டாம் சார். கேட்டுக்கிட்டு எழுதினவங்களுக்குத் துரோகம் பண்ணக் கூடாது."

ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்துச் செயலாளர் கையில் கொடுத்தார்.

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நாடகக் குரலில் ஆரம்பித்தார்.

"'வணக்கம். என் வீட்டுக்காரருக்கு உங்கள் இடிமாறன் என்றால் உயிர். ஆனால் அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. தக்காளி வாங்கி வரச் சொன்னால் பாதி காயாக இருக்கும். கல்யாணமான புதிதில் அதற்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.'"

"பாவம்யா அந்தப் பொம்பளை!" தலைவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "மேலே படி."

"'பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கே அது தெரியாது. நானும் சொல்லவில்லை. நாலு பேர் மத்தியில் பெரிய மனிதராக இருக்கிறவர், சிரிப்பார்கள்.'"

தலைவர் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார்.

"'காட்டுப் படம் வந்தால் வசன பலூனில் விரலை வைப்பார். அதன் வால் போகிற வழியிலேயே இறங்கி இடிமாறனைக் கண்டுபிடிப்பார். சண்டைப் படங்களில் யாரும் பேசுவதில்லை. அதனால் முப்பது வருடமாக அவர் ஒரு சண்டையைக்கூட...'"

செயலாளரின் குரல் நின்றது.

அவர் மேஜையைப் பார்த்தார். ஆசிரியர் பார்த்தார். வந்த எல்லோரும் பார்த்தார்கள்.

விரித்துவைத்த பழைய இதழில், பலூனின் வால் வழியாக மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது தலைவரின் விரல்.

சூடு பட்டதுபோல அதை எடுத்துக்கொண்டார். கடிதத்தை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். தினமும் காலையில் அவர் சட்டைப் பையில் மளிகைச் சீட்டாக வருகிற அதே கையெழுத்து.

முகம் வெளுத்துப்போனது. பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

மனுவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சார், இவங்க இங்கேதான் இருக்கணும்."

பிறகு கலர் அக்கா பக்கம் திரும்பினார். அத்தனை நேரம் அலுவலகமே அதிரக் கத்தியவர், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அக்கா... சிவப்பு எப்படி இருக்கும்?"