நாலு மாத்திரை

"காலையில வேற மாத்திரை எதுவும் கொடுக்கலையே?" என்று டாக்டர் கேட்டார்.

"எதுவும் இல்ல சார்" என்றார் என் கணவர்.

அவருக்கு என்ன தெரியும்? அந்த நேரத்தில் அவர் துறைமுகத்தில் படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்.

கொடுத்தவள் நான்.

பெசரட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மாமனார், தட்டைத் தள்ளிவிட்டு, முதுகைக் கிழிக்கிறது என்று சுருண்டு விழுந்தார். காலனி மருத்துவ முகாமில் நெஞ்சுவலிக்கென்று கொடுத்த உறை ஞாபகம் வந்தது. ரத்தத்தை இளக்குகிற மாத்திரைகள். நாலையும் அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"இது நெஞ்சு இல்லம்மா, முதுகு" என்றார். நான் விட்டேனா? மென்று விழுங்க வைத்துவிட்டுத்தான் ஆட்டோ பிடித்தேன்.

முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து கீழே இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் உள்ளுக்குள் கிழிந்திருந்தது.

"நல்லவேளை, மாரடைப்புன்னு நெனச்சு யாரும் ரத்தம் இளக்குற மாத்திரை கொடுக்கல" என்றார் அங்கிருந்த டாக்டர்.

காகிதத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டார்கள். அந்தக் காகிதம்தான் எங்களோடு விசாகப்பட்டினம் பெரிய ஆஸ்பத்திரிவரை வந்திருக்கிறது.

என் மாமியார் பைடம்மா ஏழு வருஷமாக என் சமையலிலிருந்து நடைவரை குறை சொன்னவர். இன்றைக்கு வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம், "எங்க ஹைமா இல்லேன்னா இந்நேரம் இவரை நாலு பேர் தூக்கியிருப்பாங்க" என்கிறார். எங்க ஹைமா!

தொடை வழியாக, துணி சுற்றிய கம்பிக்குழாய் ஒன்றை ஏற்றி, கிழிசலை உள்ளிருந்தே மூடப் போகிறார்களாம். அப்போது தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கால்கள் விழுந்துவிடலாம். அதைத் தடுக்க முதலில் முதுகில் ஊசி போட்டு மெல்லிய குழாய் ஒன்றை வைப்பார்கள்.

"ரத்தம் இளகியிருந்தா மட்டும் ஊசி கூடாது. முதுகுக்குள்ள ரத்தம் கட்டி, ஊசியே காலை வாங்கிடும்."

இதைச் சொன்ன பிறகுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பதிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது.

எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும். எழுந்தேன். அத்தை என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி உட்கார்ந்தேன். என்னைப்போல ஒரு பாவி உண்டா?

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"சிம்மாத்திரி வீட்டுக்காரங்க யாரு? பெரியவர் காலையில தானாவே நாலு மாத்திரை எடுத்து முழுங்கிட்டாராம். ஊசி போட ஒருக்களிச்சுப் படுக்க வைக்கும்போதுதான் சொல்றார். முதுகு ஊசியை நிறுத்திட்டாங்க. அது இல்லாமலேதான் வைக்கப் போறாங்க. கால் எப்படின்னு முழிச்சப்புறம்தான் தெரியும். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

என் கணவர் தலையில் அடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"வீம்பு புடிச்ச மனுஷன்!" என்று அத்தை வெடித்தார். "யாரைக் கேட்டு முழுங்கினாராம்? கால் போச்சுன்னா அனுபவிக்கட்டும்!"

நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். மாமா பார்த்துக்கொண்டார். ஒருவேளை கால் விழுந்துவிட்டால், படுக்கையில் கிடக்கிறவரிடம் இதையே அத்தை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். அவரும் பேசாமல் கேட்டுக்கொண்டு கிடப்பார்.

அத்தையின் மடியிலிருந்து கையை எடுத்தேன்.

"மாமா பொய் சொல்றாரு அத்தை" என்றேன்.