எந்த லி?

"வலிக்கு எந்த லி போட்டீங்க?"

போனை எடுத்ததும் மனைவி இப்படிக் கேட்டது அவனுக்குச் சுருக்கென்றது.

"எந்த லின்னா? நம்ம லிதான்."

"வழிக்குப் போடுற இசட் ஹெச் போட்டிருக்கீங்க. இங்க வலி பட்டனை அழுத்தினா, அப்படி ஒரு வேலையே கிடையாதுன்னு உங்க சர்வர் சொல்லுது. சீக்கிரம் மாத்துங்க."

இருவரும் சேர்ந்து ஒரு ஆஸ்பத்திரிக்குச் செய்துகொடுக்கும் வேலை அது. ஒவ்வொரு படுக்கைக்குப் பக்கத்திலும் ஒரு திரை. அதில் தண்ணீர், விளக்கு, வலி என்று பட்டன்கள். திரையும் பட்டன்களும் அவள் பாடு. அழுத்தியதும் பிரவுசரிலிருந்து பறந்து வரும் அழைப்பை வாங்கி, நர்ஸின் மேஜைக்குத் தகவல் சொல்கிற புரோகிராம் சர்வரில் இருந்தது. அது அவன் பாடு. வேலையின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும். ஓர் எழுத்து பிசகினாலும் கையை விரித்துவிடும். பெயர்களைத் தமிழிலேயே வைத்து ஆங்கில எழுத்தில் அடிக்கலாம் என்ற அதிமேதாவி யோசனையும் அவனுடையதுதான்.

இன்று சோதனை ஓட்டம். தலைமை நர்ஸ் திருப்திப்பட்டுக் கையெழுத்துப் போட்டால் எல்லா வார்டுகளிலும் இவர்கள் திரை. இல்லாவிட்டால் ஆறு மாத உழைப்பு வீண். அதற்காகத்தான் அவள் காலையிலேயே தன் அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அவன் வீட்டில் சர்வருக்குக் காவல்.

எழுத்தை மாற்றினான். சிறிது நேரத்தில் ‘வலி’ என்று ஓர் அழைப்பு வந்து விழுந்தது.

"வந்துடுச்சு. நர்ஸ் வந்தாங்களா?"

"வந்துட்டாங்க. பக்கத்துலயே நிக்கிறாங்க." அவள் குரலில் நிம்மதி தெரிந்தது.

அவனுக்கும் நிம்மதிதான். காபி போட்டுக் கொண்டுவந்து உட்கார்ந்தான். எட்டு நிமிடத்தில் இன்னொரு வலி. பிறகு ஆறு நிமிடத்தில். அப்புறம் ஐந்து. காபி ஆறிப்போனது.

"உன் பக்கம் ஏதோ டைமர் தானா ஓடுது," என்றான். "ஒரு தடவை அழுத்தினா திரும்பத் திரும்பக் கூப்பிடுது."

"என் பக்கம் ஒண்ணும் இல்ல. வந்தது எல்லாமே நான் அழுத்தினதுதான்."

சாவி தொலைந்தால்கூட பிழை யார் பக்கம் என்று பிரித்துப் பார்க்கிற தம்பதி அவர்கள். அவன் விடவில்லை.

"தண்ணி, விளக்கை எல்லாம் விட்டுட்டு வலியையே ஏன் பிடிச்சுக்கிட்டு இருக்க?"

"மத்தது ரெண்டையும் அம்மா அழுத்திப் பார்த்துட்டாங்க. இதுதானே..."

பேச்சு பாதியில் நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்தான். திரையில் இன்னொரு வலி. இப்போது இடைவெளி நான்கு நிமிடம்.

அவனுக்குப் பயம் வந்தது. நர்ஸுகளைச் சும்மா சும்மா ஓடவைக்கிற திரையை யார் வாங்குவார்கள்?

"இங்க பாரு, நான் வலியை மட்டும் நிறுத்தி வைக்கிறேன். கையெழுத்து வாங்கின அப்புறம் பார்த்துக்கலாம்."

லைன் போகவில்லை. மறுமுனையில் அவள் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "உங்களால முடிஞ்சா நிறுத்துங்க சாமி. கோடிப் புண்ணியம்."

பிறகு போன் கைமாறியது.

"தம்பி, நான் தலைமை நர்ஸ் பேசறேன். கையெழுத்துப் போட்டுட்டேன். லியைத் திருத்தினதுக்கு அப்புறம் ஒரு அழைப்புகூடத் தவறல. நானே கூட நின்னு பார்த்தேன்."

அவன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். ஆனாலும் செய்த வேலையில் பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை.

"மேடம், அந்த வலி மட்டும் இடைவெளி குறைஞ்சு குறைஞ்சு வருது. பிழை எங்கன்னு இன்னும் தெரியல..."

"பிழை ஒண்ணும் இல்ல. தலைப்பிரசவம் அப்படித்தான் வரும், மூணு வாரம் முந்திக்கிச்சு, அவ்வளவுதான்," என்றார் தலைமை நர்ஸ். "உங்ககிட்ட சொன்னா சர்வரை அப்படியே போட்டுட்டு ஓடி வந்துடுவீங்கன்னு, நான் கையெழுத்துப் போடற வரைக்கும் மூச்சு விடல உங்க பொண்டாட்டி. இப்ப ஓடி வாங்க."