பாலத்தில் நின்ற வண்டி

“டேங்க் மூடியைத் துடைச்சா வண்டி ஓடிடுமா? இப்படிக் கொடு அதை!”

கணவர் கையை நீட்டினார். மனைவி ஹேர்பின்னைச் சட்டென்று கொண்டையில் செருகிக்கொண்டு, மனசே இல்லாமல் மூடியைக் கொடுத்தாள்.

“உள்பக்கம் ஒரே அழுக்கா இருந்தது. அதான்...”

“அழுக்கு மூடியில இல்லை. உன் தம்பியோட வேலையில இருக்கு.”

மூடியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் டேங்கில் திருகினார். நான்கு வருடமாகத் தார்ப்பாய்க்குள் முடங்கிக் கிடந்த மோட்டார் சைக்கிள். காலையில்தான் டேங்கைக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றியிருந்தார். இரண்டு சிலிண்டர், அவற்றுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து அனுப்ப இரண்டு கார்புரேட்டர். புது ஜோடி வாங்கிவந்து, தன் கையாலேயே மாட்டியும் முடித்துவிட்டார். முழங்கையிலிருந்து மூக்கு வரை கிரீஸ். கழற்றிய பழசு இரண்டும் செய்தித்தாளின் மேல் கிடந்தன.

ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“தடவிப் பாரு. உள்ளே எப்படித் தேஞ்சிருக்கு, நகம் மாட்டுது. இதைப் போய் ‘சர்வீஸ் பண்ணிட்டேன் மாமா, இனி குதிரை மாதிரி ஓடும்’னான். மறுநாளே பாலத்துல படுத்துடுச்சு குதிரை!”

இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவருடைய அம்மா இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ‘அம்மா உங்களையே கேட்டுக்கிட்டு இருக்காங்க, சீக்கிரம் வாங்க.’ பாதி வழியில், பாலத்தின் மேல் வண்டி நின்றுவிட்டது. உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். ஓட்டமும் நடையுமாக அவர் போய்ச் சேர்ந்தபோது, அம்மா கண்ணை மூடிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

மெக்கானிக் மச்சானை அன்றோடு வாசல்படி ஏறக்கூடாது என்றுவிட்டார். அவன் கல்யாணத்துக்கும் போகவில்லை. குழந்தை பிறந்தது, எட்டிப் பார்க்கவில்லை.

“அஞ்சு மணிக்கு ரயில்,” என்றாள் மெல்ல. “பெண்டாட்டி பிள்ளையோட கண்காணாத ஊருக்குப் போறான். இனி எப்ப பார்க்கப் போறோமோ. நீங்களும் உள்ளே வந்து ஒரு வார்த்தை...”

“ஸ்டேஷன் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடறேன். அவ்வளவுதான். நான் மாட்டின கார்புரேட்டர்ல வண்டி எப்படி ஓடுதுன்னு அவன் காதுல விழணும். அது போதும் எனக்கு.”

“நான் பஸ்ல போயிடறேனே.”

“ஏன், என் ரிப்பேர் மேல நம்பிக்கை இல்லையா?”

அவள் டேங்க் மூடியையே பார்த்தாள்.

மூன்றாவது உதையில் வண்டி உறுமியது. இரண்டு சைலன்சருக்கும் பின்னால் உள்ளங்கைகளை வைத்துப் பார்த்தார். கார்புரேட்டர் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பி மறுபடி பார்த்தார். இரு கைக்கும் புகை ஒரே மாதிரி வந்தது. குழந்தை போலச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே பாவமாக இருந்தது.

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். வழி முழுக்க அவருக்கு வாய் ஓயவில்லை. பாலம் வந்தது. வண்டி இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது.

உதைத்தார். மறுபடி உதைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“ரெண்டும் புதுசும்மா! பெட்டியைப் பிரிச்சு நானே மாட்டினேன்! எப்படி நிக்கும்?” குரல் உடைந்தது. “இதே இடம். அன்னைக்கும் இதே இடம்தான்.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நாற்பது. ஸ்டேஷனுக்கு இன்னும் பத்து நிமிட வழி. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

“டேங்க் மூடியை ஒரு தடவை திறங்க. வண்டி ஓடும்.”

“என்ன உளர்றே?”

“திறங்களேன்.”

திருகினார். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. உதைத்தார். ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது.

கையிலிருந்த மூடியைத் திருப்பினார். உள்பக்கம், காற்று போகும் சின்ன ஓட்டையை அடைத்துக்கொண்டு, கல்லாய் இறுகிய சாம்பல் நிறப் பசை. அதன் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே ஒரு தழும்பு. அவர் விரலில் இருக்கும் அதே தழும்பு.

மச்சான் சர்வீஸ் செய்துவிட்டுப் போன அன்று சாயந்திரம், மழைத்தண்ணீர் பெட்ரோலில் இறங்கிவிடக்கூடாது என்று அவரேதான் அந்த ஓட்டையை அடைத்தார். காற்று உள்ளே போக வழியில்லாத டேங்கிலிருந்து பெட்ரோல் எவ்வளவு தூரத்துக்கு இறங்கும்? பசையைச் சுற்றிப் புதிதாகக் கீறல்கள். ஹேர்பின் கீறல்கள்.

“உனக்கு... தெரியுமா?”

“அன்னைக்கு வண்டியை இங்கேயிருந்து எடுத்துட்டு வந்தது தம்பிதானே. பெட்ரோல் இருக்கான்னு மூடியைத் திறந்திருக்கான். உடனே புரிஞ்சுபோச்சு அவனுக்கு.”

“நாலு வருஷமா அவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேனே! ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவன்தாங்க என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினான். ‘அம்மா முகத்தைக் கடைசியா பார்க்க முடியாம போனதுக்குத் தானே காரணம்னு தெரிஞ்சா மாமா தாங்கமாட்டார்க்கா. என்னையே திட்டிட்டு இருக்கட்டும், விடு’ன்னு.”