கசப்புத் தாள்

அம்மா தினமும் அரைத்துத் தரும் கீரைச் சாற்றை அப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அமிர்தம்" என்பார். மகளுக்கோ அதன் வாசனையே குமட்டும்.

அவள் மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அன்று சாப்பாட்டு மேசையில் இருவரிடமும் ஆளுக்கொரு சோதனைத் தாளை நீட்டினாள்.

"நாக்குல வச்சுப் பாருங்க. கசக்குதா?"

"வெறும் காகிதம்டி" என்றாள் அம்மா.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "ஆமா, காகிதம்தான்."

மகளுக்கு முகம் வெளிறிப்போனது. அதே தாள் அவளுக்கு வேப்பங்காயாய்க் கசந்திருந்தது. இந்தத் தாளின் கசப்பு தெரிவதும் தெரியாததும் பெற்றோரின் மரபணு வழி வருவது; அது தெரியாத இருவருக்கு, தெரிகிற பிள்ளை பிறப்பது அபூர்வம். அப்படியானால் தான் யார் பிள்ளை? வாய்விட்டுக் கேட்கிற கேள்வியா அது?

அம்மா டம்ளரைக் கழுவ உள்ளே போனாள். உடனே அப்பா தாளைத் துப்பிவிட்டு, சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்பா, உங்களுக்குக் கசந்துச்சா?"

"மெதுவாப் பேசும்மா. கொடலைப் பொரட்டுது. இத்தனை வருஷத்துல உங்கம்மா முன்னாடி கசக்குதுன்னு சொல்லிப் பழக்கமே இல்ல. பொய் தானா வந்துடுச்சு."

மகள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சர்க்கரை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"என்னை மாதிரியே உனக்கும் கசக்குதா?"