இரண்டு இறப்பர் மரங்களுக்கு நடுவே

“தங்கச்சி, ஒங்க அக்காவ ஒரு வீடியோ எடுக்கலாமா?” அக்காவைப் பற்றி நான் பேஸ்புக்கில் எழுதியதை வாசித்துவிட்டு அன்று அப்படிக் கேட்ட ரெஜினோல்ட் அண்ணன், இன்று கேகாலையிலிருந்து வந்து எங்கள் இறப்பர் மலையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். வீடியோ பார்ப்பவர்கள் உதவுவார்கள், அக்காவுக்குச் செயற்கைக் கால் வாங்கித் தரலாம் என்று சொல்லியிருக்கிறார். ஏஞ்சலின் அக்கா ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு மரத்தடியில் நிற்கிறாள். மரங்களில் கட்டிய சிரட்டைகளில் பால் நிறைந்திருக்கிறது. இலைகளுக்கு மேலே வானம் கறுத்து வருகிறது. மழை விழுந்தால் காலையில் வெட்டிய பாலெல்லாம் வீண். “கம்பக் கீழ போட்டுட்டு அடுத்த மரம் வரைக்கும் தவழ்ந்து போங்க. பாக்குறவங்க மனசு உருகணும்ல” என்கிறார் அண்ணன். “நான் தவழ்ந்து பால் எடுத்ததே இல்லையேண்ணே. வேணும்னா நீங்க தவழுங்க, தங்கச்சி படம் புடிக்கும்” என்று சிரிக்கிறாள் அக்கா. அவர் சிரிக்கவில்லை. “ஒங்களுக்குக் கால் வேணுமா, வேணாமா?”

அக்காவின் சிரிப்பு நின்றுவிடுகிறது. கையிலிருந்த பால் வாளியைக் கீழே வைக்கிறாள். என்னைப் பார்க்காமலே ஊன்றுகோலை மரத்தில் சாய்த்துவிட்டு, பட்டையைப் பிடித்தபடி மெதுவாகக் குனிகிறாள். உள்ளங்கை சருகில் படும் சத்தம் கேட்கிறது. நான் இரண்டு மரங்களுக்கும் நடுவே போய் நிற்கிறேன். கையை விரித்து, அவர் நீட்டிப் பிடித்திருக்கும் போனின் மேல் வைத்து மறைக்கிறேன். “ஏய், என்னடி பண்ற?” என்கிறாள் அக்கா, பாதி குனிந்தபடி. கால் வாங்கித் தருவதாகச் சொன்னவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மலையிறங்கிப் போகிறார்.