ஆடி கழியட்டும் என்றாள்

ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணவனும் மனைவியும் "சம்மதம்" என்று வாயால் சொல்லித் திருமணப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் விவாகரத்து தானாகவே பதிவாகிவிடும். அருணகிரிக்கும் சிவகாமசுந்தரிக்கும் ஆவணி இரண்டு கடைசி நாள்.

"இன்னைக்கே சொல்லிடலாமே" என்றார் அவர், ஆடி பிறந்ததும்.

"நல்ல காரியத்தை யாராவது ஆடியில செய்வாங்களா? ஆவணி ஒண்ணாந் தேதி சொல்லிக்கலாம்."

ஆடி இருபதில் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போயிற்று.

ஆவணி மூன்றாம் தேதி காலை, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. நர்ஸ் ரோஸ்லின் வெளியே வந்தாள்.

"அக்கா, உறவுக்காரங்க பட்டியல்ல உங்க பேர் இல்ல."

"கோர்ட்டுல போய்க் கேட்டேம்மா. அவர் வாயால சொன்னாத்தான் செல்லுமாம். அவருக்குப் பேச்சு இருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கப்போறேன்?"

"அவருக்கு என்ன செய்யணும், சொல்லுங்க" என்றாள் ரோஸ்லின்.

"வலப்பக்கம் சாய்ச்சுப் படுக்க வைம்மா. அப்பத்தான் தூங்குவாரு. அப்புறம்..." தயங்கியபடி விபூதிப் பொட்டலத்தை நீட்டினாள். ரோஸ்லினின் கழுத்தில் சிலுவை தொங்கியது.

"எத்தனை விரலால பூசணும்கா?"

"மூணு."

சிவகாமசுந்தரி கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். ரோஸ்லின் கைகழுவி வந்து, அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, மூன்று விரலால் நிதானமாகப் பூசினாள். அந்தப் பெண்ணை ஆண்டவன் நன்றாக வைத்திருக்கட்டும்.

காவலாளி அருகில் வந்தார். "சொந்தக்காரங்க மட்டுந்தாம்மா இங்க நிக்கலாம்."

"சரிப்பா" என்று சொல்லிப் படியிறங்கினாள்.